விடுவதற்காகப் பிடித்த மீன்

புனித பிரான்சிஸ் அசிசியாரின் முதல் வரலாற்றாசிரியரான செலானோ நகர் தோமா எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ரியேத்தி ஏரியில் படகில் அமர்ந்திருந்த பிரான்சிசுக்கு மீனவர் ஒருவர், அப்போதுதான் பிடிபட்ட பெரிய மீன் ஒன்றை அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். பிரான்சிஸ் அதை மகிழ்வுடன் வாங்கினார். சகோதரன் என்று அழைத்தார். மறுபடியும் நீரில் விட்டுவிட்டு இறைவனைப் புகழத் தொடங்கினார். அவர் செபித்து முடிக்கும்வரை மீன் படகருகே விளையாடிக்கொண்டிருந்தது என்றும், அவர் விடைகொடுத்த பின்னரே அகன்றது என்றும் தோமா கூறுகிறார்.

மறையுரைகளில் இதைக் கேட்ட நம் மனத்தில் வழக்கமாக எழாத கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது. அந்த மீனைப் பிரான்சிசே தூண்டிலிட்டுப் பிடித்திருந்தால்? பசிக்காக அன்று, விற்பதற்காகவும் அன்று. பிடித்துக் கையில் ஏந்தி, சகோதரனே என்று அழைத்து, பிறகு விட்டுவிடும் இன்பத்திற்காகவே, வாயில் முள் தைக்க அதைக் கரைக்கு இழுத்திருந்தால்? அப்போதும் முடிவு விடுதலைதான். மீன் உயிரோடு நீரில் இறங்கியிருக்கும். ஆயினும் அந்நிகழ்ச்சியை நாம் இன்று சொல்லிக்கொண்டிருப்போமா?

இது வீண் கற்பனையன்று. ஆண்டுதோறும் மனிதர் பலர் இதைத்தான் செய்கின்றனர். அதுவும் மிகுந்த பொருட்செலவோடும், பொறுமையோடும், அவர்கள் சொற்படி மிகுந்த அன்போடும் செய்கின்றனர். கனடாவின் மேற்கு ஓரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபகுதியில், ஏறத்தாழ 570 கி.மீ. தொலைவு ஓடிப் பசிபிக் கடலில் கலக்கும் ஸ்கீனா என்னும் பேராறு உண்டு. கிஸ்பியாக்ஸ், பபீன், பல்க்லி, சுஸ்டட் முதலியவை அதன் கிளையாறுகள். கோடை முடிந்து இலைகள் மஞ்சளாகும் பருவத்தில், உலகின் பல மூலைகளிலிருந்தும் தூண்டிற்காரர்கள் அவ்வாறுகளுக்கு வந்து சேர்கின்றனர். சாலையே இல்லாத நீர்ப்பகுதிகளுக்குச் சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் செல்வோரும் உளர். உறையும் குளிரில் இடுப்பளவு நீரில் நின்று, இரு கைகளாலும் பற்றி வீசும் நீண்ட கோலால், இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சியை ஆற்றின் குறுக்கே வீசுகின்றனர். இரண்டடி கீழே இறங்கி மறுபடியும் வீசுகின்றனர். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. நாள் முழுவதும் நின்றும் ஒன்றும் அகப்படாமல் திரும்புவது அவர்களுக்கு வியப்பில்லை. அகப்பட்டாலோ, நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, மீனின் தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்து, அது தெம்பு பெற்று வாலை அசைக்கும்வரை காத்திருந்து விட்டுவிடுகின்றனர்.

அந்த மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். எஃகுத்தலை என்று பொருள். வேறு இனமன்று, நம் மலைநாட்டு ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட் மீனேதான். ஆனால் ஆற்றிலேயே தங்கிவிடாமல் கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புகிற வகை. குளிர்ந்த மேட்டு நீரில் கூழாங்கற்களுக்கிடையே பொரிந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் விரலளவுக் குஞ்சாக ஆற்றில் கழித்து, பிறகு பசிபிக் கடலின் நடுப்பகுதிவரை சென்று, ஓரிரு ஆண்டுகளோ மூன்று ஆண்டுகளோ அங்கே கொழுத்து, தான் பிறந்த அதே ஓடைக்குத் திரும்பி வருகிறது. அதனோடு ஆறேறும் பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அவ்வாறு இறந்தே தீரவேண்டும் என்ற விதியில்லை. சில மீன்கள் முட்டையிட்டபின் மெலிந்த உடலோடு மீண்டும் கடலுக்கிறங்கி, இரண்டாம் முறையும் ஏறி வருவதுண்டு. ஸ்கீனாவின் மீன்கள் கோடையிறுதியில் ஆற்றுக்குள் வந்து, குளிர்காலம் முழுவதையும் பனிக்கட்டிக்கு அடியில் கழித்து, அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடும். அத்தனை மாதங்களும் அவை பெரும்பாலும் உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. உண்ணாத மீன் தூண்டிலில் கட்டிய இறகை ஏன் கவ்வுகிறது என்பது இன்றுவரை தீராத புதிர். பசியால் அன்று, சினத்தாலா, பழைய பழக்கத்தாலா, விளையாட்டாலா, யாருக்கும் தெரியாது. பசியுள்ள உயிரை ஏமாற்றுவது ஒன்று. பசியற்ற உயிரை ஏமாற்றுவது மற்றொன்று. இந்த வேறுபாட்டைத் தூண்டிற்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மீனின் பருமனே அவர்களை ஈர்ப்பது. 1962 அக்டோபரில் கிஸ்பியாக்ஸ் ஆற்றில் கலிபோர்னியாக்காரர் ஒருவர் பொய்ப்பூச்சியால் பிடித்த மீன் 33 பவுண்டு இருந்தது. அந்த எண் அந்தச் சிறு ஆற்றை உலகறியச் செய்தது. அதைவிடப் பெரியது 1970இல் அலாஸ்காவின் கடற்பகுதியில் பிடிபட்ட, 42 பவுண்டு எடையுள்ள மீன். அதைப் பிடித்தவன் எட்டு வயதுச் சிறுவன். ஆற்றில் ஆயிரம் வீச்சும் வீசாதவன். பெரியவர்களின் தவத்திற்கு இறைவன் சிரித்தமுகத்தோடு அளித்த விடை இது என்று நினைத்துக்கொள்வேன்.

பிடித்ததை விடும் வழக்கம் எப்படி வந்தது? தூண்டில் குறித்து ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் 1496இல் வெளிவந்தது. அதை எழுதியவர் சோப்வெல் கன்னியர் மடத்துத் தலைவி ஜூலியானா பெர்னர்ஸ் என்பது மரபுவழிச் செய்தி. ஆய்வாளர் அதை ஐயுறுவர். எழுதியவர் யாராயினும், உடலும் ஆன்மாவும் நலம்பெறவே தூண்டிலைக் கையாள வேண்டும், பொருளாசைக்காக அன்று, தேவைக்கு மேல் பிடிப்பது ஆகாது என்று அந்நூல் அறிவுறுத்துகிறது. மத்திய காலத் திருச்சபைச் சட்டமும் குருக்களுக்கு வேட்டையை விலக்கிற்று; மீன்பிடித்தலை அவ்வாறு விலக்கவில்லை. ஆரவாரமற்ற, அமைதியான செயல் என்பதே அதன் தகுதி. ஆயினும் அன்று பிடிபட்ட மீன் சட்டிக்குத்தான் போயிற்று. நல்ல விளையாட்டு மீன் ஒரே ஒருமுறை பிடிபட்டுத் தீர்ந்துபோகக் கூடாத அளவு மதிப்புடையது என்ற கருத்தை, 1939இல் லீ வுல்ஃப் என்னும் அமெரிக்கர் தம் நூலில் வலியுறுத்தினார். ஆறுகளில் மீன் குறையக் குறைய அக்கருத்து ஒழுக்கமாயிற்று, பின்பு சட்டமாயிற்று. இன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் இயற்கையாய்ப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை வைத்துக்கொள்வது குற்றம். முள்ளின் நுனியில் பின்னோக்கிச் செதுக்கப்பட்டிருக்கும் சிறுகூர் இருக்கக் கூடாது. ஒற்றை முள்தான் இருக்க வேண்டும். கழற்றும்போது சதை கிழியாதிருக்கவே இந்த விதி.

இவர்கள் தரப்பை முதலில் நேர்மையோடு கேட்க வேண்டும். அது எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ரோடரிக் ஹெய்க்-பிரவுன் என்பவர் 1908இல் இங்கிலாந்தில் பிறந்து, வான்கூவர் தீவில் கேம்பெல் ரிவர் என்னும் ஊரில் குடியேறி, அங்கேயே நீதிபதியாய் இருந்து, 1976இல் இறந்தவர். தூண்டிலைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் அந்நாட்டவரால் இலக்கியமாகப் போற்றப்படுகின்றன. அதே மனிதர்தான் 1950களில் பட்டில் ஏரியில் அணை கட்டுவதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1970இல் அம்மாகாணத்தில் தோன்றிய ஸ்டீல்ஹெட் சங்கமும் தூண்டிற்காரர்கள் தொடங்கியதே. மரம் வெட்டுவோரிடமிருந்தும் வலைகளிடமிருந்தும் ஆறுகளைக் காக்க அது வழக்காடியிருக்கிறது. ஸ்கீனா பிறக்கும் மலைமேட்டில் நிலக்கரிப் படிவ வாயு எடுக்க வந்த பன்னாட்டு நிறுவனம் 2012 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட நேர்ந்தபோது, அப்போராட்டத்தில் டால்டன் பழங்குடி மூத்தோரே முன்னின்றனர் என்றாலும், அவர்களோடு தூண்டிற்காரர்களும் நின்றனர். ஆற்றில் நிற்காதவனுக்கு ஆறு ஒரு வரைபடக் கோடு. ஆண்டுதோறும் அதன் குளிரைத் தொடைகளில் உணர்ந்தவனுக்கு அது உறவு. உறவுள்ளவனே அழுவான், அழுபவனே நீதிமன்றப் படியேறுவான். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மீனின் பக்கத்திலிருந்து ஒரு சாட்சியும் உண்டு. 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற பெண் அறிவியலாரும் அவர் குழுவினரும் வானவில் டிரவுட் மீன்களை ஆராய்ந்தனர். ஸ்டீல்ஹெட்டின் அதே இனம் என்பதை நினைவிற் கொள்வோம். அம்மீன்களின் உதட்டிலும் தலையிலும் ஊறு உணரும் நரம்புமுனைகள் இருப்பதை அவர்கள் கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சோ அசெட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியில் உடலை இப்படியும் அப்படியும் ஆட்டின. அமிலம் பெற்றவை உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரையை நாடவில்லை. வலியை உணர மனிதனுக்கு இருப்பது போன்ற மூளைப்புறணி வேண்டும், அது மீனுக்கு இல்லை, ஆகவே இவை உணர்வற்ற எதிர்வினைகளே என்று ஜேம்ஸ் ரோஸ் போன்ற அறிஞர்கள் மறுத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. என்றாலும் வழக்கு முடியாத நிலையில் ஐயத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும்? நீதிமன்றத்தில் அது குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சேரும். இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவனும் நாம், தீர்ப்பெழுதுபவனும் நாம், மீனுக்கு வழக்கறிஞர் கிடையாது.

வலியைத் தள்ளிவைத்தாலும் செலவு ஒன்று எஞ்சுகிறது. கவனமாக விடப்பட்ட மீன்களில் மிகப் பெரும்பாலானவை பிழைக்கின்றன, சில இறக்கின்றன. நீர் வெப்பமாயிருந்தாலும், நிழற்படத்திற்காக நீருக்கு மேலே தூக்கி நிறுத்தினாலும் இறப்பு கூடும். பிழைத்ததும் இழப்பின்றிப் பிழைப்பதில்லை. செப்டம்பரில் அரைமணிநேரம் போராடிய மீன், மே மாதம்வரை செல்ல வேண்டிய தன் கட்டுச்சோற்றில் ஒரு பங்கை நம் மகிழ்ச்சிக்காகச் செலவிட்டிருக்கிறது.

நம் மறை என்ன கூறுகிறது? மீனைக் கொல்வது தீதென்று அது எங்கும் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவர் சீடர் முன் பொரித்த மீனை உண்டார். திபேரியா ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக் காத்திருந்தார். நற்செய்திகளில் மீன்பிடித்தல் பெரும்பாலும் வலையால்தான். தூண்டில் ஒரே இடத்தில் வருகிறது: கோவில் வரி கட்டுவதற்காகப் பேதுருவைக் கடலுக்கு அனுப்பி, முதலில் அகப்படும் மீனின் வாயில் நாணயம் இருக்கும் என்று இயேசு சொல்லும் இடம். நாணயத்தை எடுத்தபின் பேதுரு அந்த மீனை உண்டாரா, விட்டாரா என்று மத்தேயு சொல்லவில்லை. தூண்டிலை மீனின் இடத்திலிருந்து பார்த்தவர் ஒருவரே. அவர் அபக்கூக்கு இறைவாக்கினர். பகைவன் மக்களினங்களைக் கடல்மீன்களைப் போல் தூண்டிலால் இழுத்து, வலையால் வாரி மகிழ்கிறான், பின்பு தன் வலைக்கே பலியிடுகிறான் என்று அவர் இறைவனிடம் முறையிடுகிறார். வலைக்குப் பலியிடுதல் என்ற அந்த உருவகம் என்னை நெடுநாள் உறுத்தியிருக்கிறது. கருவியின்மேல் பக்தி கொள்வோர் எக்காலத்திலும் உளர்.

விலங்குகளுக்குக் கொடுமை செய்யாதிருக்க வேண்டிய காரணத்தைப் புனித தோமா அக்குவினார், அக்கொடுமை மனிதரிடத்தும் கொடுமைக்குப் பழக்கிவிடும் என்பதில் கண்டார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் நேராகப் பேசுகிறது. உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்தலாம், வேலைக்கும் ஓய்வுக்கும் துணையாக அவற்றை வளர்க்கலாம் என்று 2417ஆம் எண் கூறுகிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறச் செய்வது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று அடுத்த எண் கூறுகிறது. ஓய்வு என்ற சொல்லைத் தூண்டிற்காரர் பற்றிக்கொள்ளக்கூடும். ஆனால் அங்கே பேசப்படுவது மனிதனோடு பழகி வளரும் உயிர். அந்நூலை எழுதியோர் மனத்தில் இருந்தது முற்றத்து நாயும் குதிரையுமாக இருக்கலாம், கடல்கடந்து வீடு திரும்பும் ஒரு காட்டுயிர் அன்று. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலோ, பிற உயிர்கள் நமக்குப் பயன்படுவதற்கு முன்பே, இருப்பதாலேயே இறைவன் திருமுன் மதிப்புடையன என்று நினைவூட்டுகிறது.

தேவை என்ற சொல்லில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. இரண்டு நாடுகள் இச்சொல்லை எப்படிப் படித்தன என்று பாருங்கள். 2008இல் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, மறுபடி விடவேண்டும் என்ற எண்ணத்தோடே மீன்பிடிப்பது தடைசெய்யப்பட்டது. உண்பதற்காகத் தூண்டிலிடலாம், சிறிய மீனோ காக்கப்பட வேண்டிய மீனோ தவறி அகப்பட்டால் விட்டுவிட வேண்டும், ஆனால் விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டி விடக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ அதே ஆற்றோரத்தில் நின்று, விடாமல் வைத்துக்கொண்டால் அபராதம். ஒரு நாட்டில் விடும் எண்ணம் குற்றம். மற்றொரு நாட்டில் விடாமை குற்றம். முதற்சட்டம் அந்த ஒரு மீனைப் பார்க்கிறது; இரண்டாவது சட்டம் மீன்குலத்தைப் பார்க்கிறது. இரண்டுமே இரக்கத்தில் பிறந்தவை. இரண்டும் ஒன்றையொன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. மனச்சாட்சிக்கு எளிய விதியைத் தேடுவோர் இவ்விடத்தில் சற்று நின்று போவது நல்லது.

அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் இந்தச் சிக்கலை வேறொரு சொல்லால் தீர்த்துவிடுகின்றனர். அவர்தம் ஆறுகளுக்கு வெளிநாட்டார் வந்து, மீனைப் பிடித்து விட்டுப் பிடித்து விடுவதைக் கண்ட மூத்தோர், இவர்கள் மீனோடு விளையாடுகிறார்கள் என்றனர். மீன் தன்னை மனிதனுக்குத் தருகிறது. தரப்பட்டதை நன்றியோடு ஏற்று உண்ண வேண்டும். ஏற்காமல் விளையாடினால் மீன் புண்பட்டுத் திரும்பி வராது போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. பசிபிக் கரையோரத்துப் பழங்குடியினர் பலர் ஆண்டின் முதல் சால்மனை வழிபாட்டோடு வரவேற்று உண்டு, அதன் எலும்புகளை ஆற்றுக்கே திருப்பிக் கொடுப்பதும் இதே உணர்வால்தான். நம் வாசகருள் கடற்கரைப் பங்குகளைச் சேர்ந்தோருக்கு இது விளக்கமின்றியே விளங்கும். வலையும் கடனும் காற்றும் அறிந்த வீட்டில், பிடித்த மீனை முத்தமிட்டு விட்டுவந்தேன் என்று ஒருவன் சொன்னால், அவன் புனிதன் என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

எனவே உண்பதற்காகப் பிடி, அல்லது பிடிக்காதே என்று முடித்துவிடலாமா? நானும் சில காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆறுகளின் கணக்கு அந்த முடிவைத் தடுக்கிறது. ஃபிரேசர் ஆற்றின் கிளையான தாம்சன் ஒருகாலத்தில் பெரிய ஸ்டீல்ஹெட்டுகளுக்குப் பேர்போனது; ஆண்டுக்குச் சில ஆயிரம் மீன்கள் திரும்பிவந்த ஆறு. 2017இல் முட்டையிடத் திரும்பியவை 177 என்று மதிப்பிடப்பட்டது. அருகிலுள்ள சில்கோட்டினில் 58. 2018இல் கனடாவின் அறிவியல் குழு இவ்விரண்டையும் அழிவின் விளிம்பில் உள்ளவை என அறிவித்தது; 2019இல் கூட்டாட்சி அரசு அவற்றைச் சட்டப்படியான பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. 177 மீன்களில் ஒன்றை நன்றியோடு உண்பவன், விட்டுவிடுபவனைவிட நல்லவன் என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இம்மீன்கள் குறைந்ததற்குத் தூண்டிற்காரரே முதற்காரணம் அல்லர். பிற சால்மன்களுக்கு விரித்த வணிக வலைகளில் இவையும் சேர்ந்து சாகின்றன, கடல் வெப்பமாகிறது, ஓடைக்கரைகளின் மரங்கள் வெட்டப்பட்டன. தன் மனச்சாட்சியை ஒற்றை முள்ளோடு ஆராய்பவனைக் குறைகூறிவிட்டு, ஆயிரக்கணக்கில் வாரும் வலையைப் பேசாது விடுவது நேர்மையன்று. ஆயினும் ஆராய்பவனிடம்தான் கேள்வி கேட்க முடிகிறது.

இந்தக் கேள்விக்குத் தம் உடம்பாலேயே விடை தேடிய ஒருவரைப் பற்றி அறிந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வட அம்ப்குவா என்னும் ஆறும், அதில் கலக்கும் ஸ்டீம்போட் என்னும் ஓடையும் உள்ளன. 1932 முதல் அவ்வோடையில் மீன்பிடித்தல் தடை. அதன் மேற்பகுதியில் ஒரு மடு உண்டு. கோடையில் நூற்றுக்கணக்கான ஸ்டீல்ஹெட்டுகள் குளிர்நீரை நாடி அங்கே வந்து, மழைக்காலம்வரை நெருங்கி நிற்கும். தப்பியோட இடமில்லாத அந்த மடுவில் திருடர்கள் வெடி வீசி மீன்களை அள்ளிய காலமும் உண்டு. 1990களின் இறுதியில் தொடங்கி, லீ ஸ்பென்சர் என்ற தொல்லியலாளர் ஆண்டுதோறும் வசந்தம் முதல் குளிர்கால மழை வரும்வரை, சிஸ் என்ற தம் நாயோடு அந்த மடுவின் கரையில் தங்கிக் காவலிருந்தார். ஒரு பருவமன்று, இரு பருவமன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். மீன்கள் என்ன செய்கின்றன என்று நாள்தோறும் குறித்துவைத்தார். மிதந்துவரும் இலையையும் சுள்ளியையும் மீன்கள் மேலெழுந்து வந்து வாயிலெடுத்து உமிழ்வதைக் கண்டார்.

அவர் தேர்ந்த தூண்டிற்காரர். மீன்பிடித்தலை அவர் விட்டுவிடவில்லை; ஆனால் முள்ளின் கூரை வெட்டியெறிந்துவிட்டார். அதே ஆறு, அதே கோல், அதே பொய்ப்பூச்சி, அதே ஆயிரம் வீச்சு. மீன் எழுந்து கவ்வும். நூல் ஒரு கணம் இறுகும். பிறகு மீன் தன் வழியே போய்விடும். கையில் ஏந்துவதில்லை, நிழற்படமில்லை, எத்தனை பவுண்டு என்று சொல்ல வழியில்லை. தூண்டிற்காரரில் பலர் இதைக் கேட்டுத் தலையசைத்துச் சிரிப்பர். மீன் இல்லாத மீன்பிடித்தல் என்பர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேரும் இத்தனை காலமும், நாங்கள் நாடுவது மீனையன்று, ஆற்றையும் அமைதியையும் அந்த எதிர்பாராத இழுப்பையுமே என்று சொல்லிவந்தார்கள். அவர் அந்தச் சொல்லை எடுத்து, அது உண்மைதானா என்று தம்மிடமே சோதித்துப் பார்த்தார். கூர் போனபிறகு எது எஞ்சுகிறதோ, அதுவே அவர் நாடியது. கூரோடு சேர்ந்து எது போயிற்றோ, அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

வெற்றி என்று வைக்கலாம். உடைமை என்றும் வைக்கலாம். ஓர் உயிர் தன் முழு வலிமையோடும் நம்மை எதிர்த்து, இறுதியில் நம் கைக்குள் வந்து அடங்குவதில் ஓர் இன்பம் உண்டு. பிறகு அதை விட்டுவிடுவதில் இன்னும் நுட்பமான இன்பம் உண்டு. அது கொல்லவும் விடவும் வல்லவனாய் நின்ற இன்பம். மன்னிக்கும் அரசன் அடையும் இன்பம் அது. ரியேத்தி ஏரியில் பிரான்சிசிடம் அது இல்லை. மீனைக் கீழ்ப்படுத்தியவர் அவர் அல்லர். தமக்குக் கொடுக்கப்பட்டதைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தார். தூண்டிற்காரனின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அதனுள் இந்த அரசனும் அமர்ந்திருக்கிறான் என்றே சொல்கிறேன். நம் பிற அன்புகளிலும் அவன் அமர்ந்திருப்பதுண்டு. பிள்ளைகளை நேசிக்கும் பெற்றோரும், ஏழைக்கு ஈயும் செல்வரும், பங்கு மக்களை வழிநடத்துவோரும் அவனை அறியாதவர்கள் அல்லர்.

ஆகவே ஸ்கீனாவில் நின்று விடுபவனைப் பாவி என்று தீர்ப்பிட எனக்குத் துணிவில்லை. அவனுடைய செயல் குற்றமற்றது என்று சான்றளிக்கவும் மனம் வரவில்லை. அவனிடம் ஒன்றை மட்டும் கேட்கலாம். அதையும் நான் கேட்கத் தேவையில்லாமல் ஆறே கேட்டுவிட்டது. 1950கள் முதல் ஸ்கீனாவின் முகத்துவாரத்தில் சோதனைவலை போட்டு, ஆண்டுதோறும் எத்தனை மீன் ஏறுகிறது என்று மதிப்பிட்டு வருகின்றனர். 2021இல் அந்தக் கணக்கு அதற்குமுன் காணாத அளவு தாழ்ந்தது. அக்டோபரில், பருவம் முடியுமுன்பே, அவ்வாற்றுப் பரப்பு முழுவதிலும் ஸ்டீல்ஹெட்டுக்குத் தூண்டிலிடுவது நிறுத்தப்பட்டது. விட்டுவிடுவேன் என்பவனுக்கும் இடமில்லை. அதே ஆண்டுக் கோடையில் வட அம்ப்குவாவும் மூடப்பட்டிருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் கோலை வீட்டில் சாத்திவைத்துவிட்டு, வலைகளைக் குறித்து அரசுக்கு எழுதிக்கொண்டும், வெறுங்கையோடு கரையில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டும் இருந்தவர் யார், விமானச்சீட்டை வேறோர் ஆற்றுக்கு மாற்றிக்கொண்டவர் யார் என்பது வெளியாருக்குத் தெரியாது, அவரவர்க்கே தெரியும்.